உப்பில்லாக் கஞ்சியும் இரண்டாவது வாயும்

வாணலியில் நொய் பொரிய ஆரம்பித்த நேரத்தில்தான் மரம் விழுந்தது.

முதலில் கோடரிச் சத்தம் நின்றது. பிறகு நீளமாகத் துணி கிழிவது போல் ஒரு சத்தம். கடைசியில் தரை அதிர்ந்து, மாடத்தில் இருந்த அரிக்கேன் விளக்கின் கண்ணாடி கிணுகிணுத்தது. அண்ணி அடுப்பை விட்டு நகரவில்லை.

"வுழுந்துச்சி. உங்க அண்ணனுக்கு இன்னிக்கு பசி ஜாஸ்தியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, நொய்யை இன்னொரு கிளறு கிளறினாள்.

டீக்கடையிலும் ரயிலிலும் இப்போது மறுபடியும் இட ஒதுக்கீட்டுப் பேச்சு. வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் தொண்டை கட்டப் பேசுகிறார்கள். எனக்கு மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டதும் வறுத்த நொய் வாசனை வருகிறது. காரணம் கொஞ்சம் நீளமானது.

போன வாரம் செவிலியர் பயிற்சிப் பள்ளி விடுதியைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பயிற்சியை முடித்து, கிராம சுகாதாரச் செவிலியராக வேலையில் சேர்ந்த புதிது. சில வருடங்களுக்கு முன்னால், ஒரு புரட்டாசி. எங்கள் பக்கம் இட ஒதுக்கீடு கேட்டு, மரங்களைச் சாய்த்து, ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. என் துணை சுகாதார நிலையம் நாலைந்து மரங்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

வீடு கச்சிராயபாளையம் சாலையில், கள்ளக்குறிச்சிக்குப் போகும் வழியில். வாசலில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். அன்றைக்கு அதன் பாதியை மேகம் மூடியிருந்தது.

உப்பு கடைசியில்

அண்ணியின் பெயர் அஞ்சலை. மணலூர்பேட்டைக்காரி. கல்யாணம் ஆகி வந்து ஒரு ஆடிதான் கழிந்திருந்தது. அம்மா தியாகதுருகத்தில் ஒரு காதுகுத்துக்குப் போய் மரங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டதால், எங்கள் வீட்டு அடுப்பு முதல் தடவையாக அண்ணியின் கைக்கு வந்திருந்தது.

அம்மாவைப் பொறுத்தவரை கஞ்சி என்பது காய்ச்சல் வந்தவர் குடிப்பது. நல்ல உடம்போடு இருக்கிறவன் கஞ்சி கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். அண்ணி வளர்ந்த வீட்டில் அப்படி இல்லை. பெண்ணையாற்றில் தண்ணீர் வந்தால் கஞ்சி, வராவிட்டால் கஞ்சி, கரும்பு வெட்டு முடிந்தால் கஞ்சி.

எனக்கு எதையும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். அண்ணியின் கஞ்சியையும் அப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். நொய்யைக் கழுவாமல் புடைத்து, வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். நிறம் மாறக் கூடாது. வாசனை மட்டும் மாற வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகுதான் நொய். பூண்டை நசுக்காமல் முழுப் பல்லாகப் போட வேண்டும். "நசுக்கினா கஞ்சி பூரா பூண்டு. முழுசா போட்டா, கெடைக்கிறவங்களுக்கு அதிர்ஷ்டம்" என்பாள். வெந்தயம் கொஞ்சம். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துப் போட வேண்டும். கரண்டி போன தடம் கஞ்சியில் ஒரு நிமிஷம் நின்று மறைந்தால் பதம்.

உப்பு கடைசியில். பானையை இறக்கிய பிறகு.

இதில்தான் எங்கள் வீட்டு வழக்கமும் அவள் வழக்கமும் முட்டிக்கொண்டன. அம்மா உலைத் தண்ணீரிலேயே உப்பைப் போட்டுவிடுவாள். அண்ணி மாட்டாள். "உப்பு போட்டா நொய்யி அடம் புடிக்கும், சீக்கிரம் கொழையாது" என்பாள். அது உண்மையா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அம்மா வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

பஸ்

மரம் விழுந்த கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம் கேட்டது. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த பஸ். எப்படியோ அதுவரை வந்துவிட்டது. முன்னால் எங்கள் அண்ணன் ஏழுமலையும் அவன் கூட்டாளிகளும் சாய்த்த புளியமரம். திரும்பிப் போகலாம் என்று பார்த்தால், பின்னால் ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் வேறு ஆட்கள் வேறு மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். டிரைவர் இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டு, பஸ் நிழலில் துண்டை விரித்தார்.

அண்ணனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவன் பிளஸ் டூ முடித்தவன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, ஒரு இன்டர்வியூ கார்டு கூட வராமல் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவன். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பஸ்ஸில் வந்தவர்கள் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்குத் தண்ணீர் கேட்டு வந்தார்கள். நான் சொம்பில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக வந்த பெண் தண்ணீர் கேட்கவில்லை. "கள்ளக்குறிச்சிக்கு குறுக்கு வழி இருக்குதாம்மா? நடந்து போயிடுவேன்" என்றாள். தோளில் ஒரு பெண் குழந்தை, மூன்று வயது இருக்கும்.

குழந்தையின் கை, தாயின் முதுகில் வெறும் கயிறு போலத் தொங்கியது. அதைப் பார்த்ததும் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் பெயர் குப்பாயி. மலைமேல் ஓர் ஊர். மழைக்கு ஊற்றுத் தண்ணீர் கலங்கி, குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. நான் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தேன். மடிப்பு உடனே போகவில்லை. நாக்கு காய்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. பயிற்சியில் மனப்பாடம் செய்த அறிகுறிகள் எல்லாம் ஒன்றுவிடாமல் என் முன்னால் இருந்தன. பரீட்சையில் எழுதியபோது அவற்றுக்கு முகம் இருந்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். ஆனா இப்பிடியே வெயில்ல தூக்கிக்கினு நடந்தா தாங்காது. மொதல்ல உடம்புல கொஞ்சம் தண்ணி ஏறணும். உள்ள வாங்க" என்றேன்.

கண்ணீர் அளவு

உப்பு சர்க்கரைப் பொட்டலங்கள் என் துணை சுகாதார நிலையத்தில் பெட்டியோடு இருந்தன. வீட்டில் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை முந்தின நாளே தீர்ந்துவிட்டது. கடைகள் மூடியிருந்தன.

"அண்ணி, கஞ்சி ரெடியா?"

"இப்பத்தான் எறக்கினேன்."

"பூண்டு, வெந்தயம் இல்லாம தெளிவா வடிகட்டி கொஞ்சம் குடுங்க. நீர்க்க இருக்கணும். மூணு விரல்ல ஒரு சிட்டிகை உப்பு. கண்ணீர விட கரிக்கக் கூடாது. அதான் அளவு."

அந்த அவசரத்திலும் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணீரு எவ்ளோ கரிக்கும்னு உங்க ஸ்கூல்ல எப்பிடி கத்துக் குடுத்தாங்க நர்சம்மா? அடிச்சி அழ வெச்சி நக்கிப் பாக்கச் சொன்னாங்களா?"

குப்பாயிகூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ஆனால் அண்ணி உப்பு ஜாடியை எடுத்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"உப்பு போடாதம்மா."

"இன்னாக்கா?"

"சாமிக்கு சொல்லி வெச்சிருக்கேன். புள்ள பொழச்சி மலையேறி நடக்கிற வரைக்கும் எங்க வூட்ல ரெண்டு வாயி உப்பு திங்காதுன்னு. ஒண்ணு என் வாயி. ஒண்ணு இவ வாயி."

நான் சொல்லத் தொடங்கினேன். உடம்பிலிருந்து தண்ணீரோடு உப்பும் போகிறது, தண்ணீரை மட்டும் கொடுத்தால் நிற்காது, உப்பும் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். வரிசையாக, தெளிவாகச் சொன்னேன். குப்பாயி பொறுமையாகக் கேட்டாள். என்னை நம்பவில்லை என்று இல்லை.

"நீ சொல்றது நெசமா இருக்கும் தாயி. ஆனா போன மழைக்கு இவளுக்கு மூத்தத இப்பிடித்தான் பறி குடுத்தேன். அப்போ சாமிக்கு ஒண்ணும் சொல்லல. இந்தத் தடவ சொல்லிட்டேன். சொன்ன சொல்ல நான் முழுங்கினா, சாமி புள்ளைய முழுங்கிடும்."

குழந்தை தாயின் மடியில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது.

இரண்டாவது வாய்

அண்ணி அடுப்பங்கரையில் குந்தியிருந்தாள். அவளிடம் எனக்குப் பிடித்தது இதுதான்: அவள் அந்தப் பெண்ணோடு வாதம் செய்யவில்லை. சாமியைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்தும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பாத்தி பிரிப்பது பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்.

"ஏங்கா, உங்க பக்கம் நேர்த்திய ஒருத்தருக்கு பதிலா இன்னொருத்தர் ஏத்துக்கலாமா?"

"வூட்டாளுங்க ஏத்துக்கலாம். எங்க வூட்ல யாரு இருக்கா? இவ அப்பன் மொளகு தோட்டத்துக்கு வேலைக்கி போய்க்கிறான். நானும் இவளுந்தான்."

"வூட்டாளுன்னா யாரு?"

"ஒரே பானையில திங்கிறவங்க."

அண்ணி திரும்பிப் பானையைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். உப்புப் போடாத கஞ்சி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ இது ஒரே பானதான். நீங்களும் தின்னுங்க, நானும் திங்கறேன். ரெண்டாவது வாயி என்னுது. புள்ள வாய வுட்டுடுங்க."

"அண்ணி!" என்றேன்.

"நீ சும்மா இரு நர்சம்மா. உன் பாடம் முடிஞ்சிடுச்சி."

குப்பாயி அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. காலில் மெட்டி இன்னும் பளபளத்தது. "புதுப்பொண்ணு. சாமி வெளையாட்டு இல்ல தங்கச்சி. புள்ள எழுந்து நடக்கலன்னா உன் உப்பும் வராது."

"வரலன்னா போவுது. எங்க மாமியாருக்கு உப்பு மிச்சம்" என்றாள் அண்ணி.

இரண்டு தட்டில் ஊற்றினாள். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். கிழக்கே பார்த்து உட்கார்ந்து குப்பாயி ஏதோ முணுமுணுத்தாள். அவ்வளவுதான் சடங்கு. அதன் பிறகு அண்ணி உப்பு ஜாடியை என் முன்னால் தரையில் வைத்தாள். எங்கள் பக்கம் உப்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். வைத்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே அந்த ஜாடிக்கும் எனக்கும் பேச்சு இல்ல. நீ போடு."

நான் போட்டேன். விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. எப்படித் தெரியும் என்றால், என் கன்னத்தில் அப்போது அளவுகோல் வழிந்துகொண்டிருந்தது.

குழந்தையின் பெயர் ராமாயி. சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். முதலில் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி. குப்பாயி பிடித்துக்கொள்ள, நான் புகட்ட, அண்ணி வடிகட்டி ஆற்றிக்கொண்டே இருந்தாள். வெயில் முற்றத்தைத் தாண்டி உரல் வரைக்கும் வந்துவிட்டது. திடீரென்று குப்பாயி, "ஐயோ, சீல நனைஞ்சிடுச்சி" என்று பதறினாள்.

நான் துள்ளி எழுந்தேன். மூத்திரம்! உள்ளே போன தண்ணீர் உடம்பில் நின்றிருக்கிறது, சிறுநீரகம் வேலை செய்கிறது. ஒரு சேலை நனைந்ததற்கு மூன்று பெண்கள் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணன் குடித்த கஞ்சி

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தான். மேலெல்லாம் புளிய இலை. நல்ல பசியில் இருந்தான். அடுக்களை ஓரத்தில் படுத்திருந்த குழந்தையைக் கவனிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி பானையிலிருந்து ஊற்றினாள். ஒரு வாய் குடித்தான்.

"இன்னாடி இது, உப்பே இல்ல?"

"உப்பு வுட்டுட்டேன்."

"யாரு?"

"நான்தான்."

"எதுக்கு?"

"ரோட்ல மரம் கெடக்குதுன்னு."

அவனுக்குப் புரியவில்லை. அண்ணி கண்ணால் மூலையைக் காட்டினாள். அவன் தட்டோடு திரும்பிப் பார்த்தான். குப்பாயி சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நான் நடந்ததை எல்லாம் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரி கேஸுன்னா வுட்டுடணும்னுதான் பேசி வெச்சிருக்கோம். யாரும் வந்து சொல்லலியே" என்றான்.

"அவங்க வாயில்லாம நிக்கறாங்க. நீங்க போயி கேட்டீங்களா?" என்றாள் அண்ணி. குரல் உயரவில்லை. "நீங்க கேக்கறது நாயம். நான் ஒண்ணும் சொல்லல. இந்தக் கஞ்சிய குடிச்சிட்டு சொல்லுங்க."

அண்ணன் அந்த உப்பில்லாக் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். கையைக் கழுவிவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய் மாட்டை அவிழ்த்தான்.

வண்டியில் வைக்கோல் போட்டு, மேலே கோணியைக் கட்டி நிழல் செய்தோம். ஏரிக்கரை வழியாகப் போனால் முதல் இரண்டு மரங்களைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு ரோட்டுக்கு ஏறித்தான் ஆக வேண்டும். அங்கே நின்றவர்கள் எந்த வண்டியையும் விடவில்லை. ஆனால் அண்ணன் அவர்களில் ஒருவன். ஒவ்வொரு மரத்தின் அருகிலும் அவன் இறங்கிப் பேசினான். அவர்களே கிளையைக் கழித்து, வண்டிச் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். வழி நெடுக நான் தூக்குவாளியில் இருந்த கஞ்சியைப் புகட்டிக்கொண்டே போனேன். மரத்தைச் சாய்த்தவன் ஓட்டியதால் மட்டுமே அந்த வண்டி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வேறு யார் ஓட்டியிருந்தாலும் போயிருக்காது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு டிரிப் ஏற்றினார்கள். மறியல்காரர்களைப் பிடிக்க டவுனுக்குள் போலீஸ் வந்துவிட்டது என்று சேதி வந்ததும் நானும் அண்ணனும் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. குப்பாயியிடம் சரியாக விடைபெறக்கூட முடியவில்லை.

சேதி இல்லாத நாட்கள்

மறியல் முடிந்தது. மரங்களை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். பஸ் ஓடியது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தபோது அந்தக் கட்டிலில் வேறு குழந்தை படுத்திருந்தது. "அவங்களா? கூட்டிக்கினு போயிட்டாங்களே" என்றார் ஆயாம்மா. எப்படிக் கூட்டிக்கொண்டு போனார்கள், குணமாகியா, ஆகாமலா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நெருக்கடியில் எத்தனையோ பேர்.

அண்ணி உப்பைத் தொடவில்லை.

அம்மா திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டு பட்டது. "வெளக்கேத்த வந்தவ உப்ப வுட்டா வூடு வெளங்குமா? யாரோ மலையேறிப் போனவளுக்கு நீ எதுக்குடி நேந்துக்கற?" அண்ணி முகம் சுளிக்காமல், "நான்தான் அவங்க வூட்டாளு ஆயிட்டேனே அத்த" என்பாள். அம்மாவுக்கு அதற்கு மேல் கோபம் வரும்.

அவளுக்கென்று தனியாக ஒரு சின்னப் பானையில் கஞ்சி. முழுப் பூண்டு, வெந்தயம், சீரகம் எல்லாம் உண்டு. உப்பு மட்டும் இல்லை. நான் ஒரு நாள் குடித்துப் பார்த்தேன். வாசனை எல்லாம் இருக்கிறது; வாய்க்குள் போனதும் ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடுகிறது. அதை அவள் தினமும் ரசித்துக் குடிப்பவள் போல் குடித்தாள். அண்ணன் வயலிலிருந்து வந்தால் அவள் பானையிலிருந்தே ஊற்றிக்கொள்வான். நேர்த்தி என்று அவன் எதுவும் சொல்லவில்லை. ஊறுகாயையும் தொடமாட்டான்.

வேர்க்க வேர்க்க வேலை செய்கிற உடம்பு. எனக்குக் கவலையாக இருந்தது. ஒரு நாள் சொல்லியே விட்டேன்: "அண்ணி, சேதி வராமலே போனா?"

"வரலன்னா புள்ள இன்னும் நடந்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம். மல பெருசு" என்றாள்.

முகத்தில் சிரிப்பு இருந்தது. முறத்தில் நொய் புடைத்துக்கொண்டிருந்த கை மட்டும் ஒரு விநாடி நின்றது.

சாமை மூட்டை

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. வெள்ளிமலை பஸ் எங்கள் வீட்டு எதிரில் நின்றது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. அதே டிரைவர் ஜன்னல் வழியாக, "ஏம்மா, கஞ்சிக்காரம்மா! ஆளு வந்திருக்குது பாரு" என்று கத்தினார்.

முதலில் ஒரு துணி மூட்டை இறங்கியது. பிறகு குப்பாயி. தூக்க வந்த தாயின் கையைத் தட்டிவிட்டு, படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, தானாகவே இறங்கினாள் ராமாயி.

அண்ணி சாணிக் கையோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நடந்தே ஏறினா தங்கச்சி. பாதி மலைக்கு மேல என்ன தூக்க வுடல. மழையில பாத சரிஞ்சிடுச்சி, எறங்க முடியல. நீ வாயக் கட்டிக்கினு இருப்பியேன்னு எனக்கு அங்க சோறு எறங்கல" என்றாள் குப்பாயி. அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

நேர்த்தியை முடிப்பதற்கும் அதே பானைதான் வேண்டுமாம். மூட்டையில் மலைச் சாமை இருந்தது. அண்ணி நொய்யோடு அதையும் வறுத்துப் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். அம்மா பூண்டு உரித்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு" என்றாள்.

பானையை இறக்கியதும் நான் உப்பு ஜாடியைத் தரையில் வைத்தேன். குப்பாயி ராமாயியின் கையைப் பிடித்து ஜாடிக்குள் விட்டாள். எவ்வளவு என்று என்னைப் பார்த்தாள். "மூணு விரல்" என்றேன். சின்ன மூன்று விரலில் எடுத்து, முதலில் தாயின் தட்டிலும் பிறகு அண்ணியின் தட்டிலும் போட்டு, விரலாலேயே கலக்கினாள் குழந்தை.

அண்ணி தட்டைத் தூக்கி ஒரு வாய் குடித்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். புருவம் நெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐய! இன்னா இவ்ளோ கரிக்குது!"

வீடே சிரித்தது. அம்மாகூட.

ராமாயி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியின் கையிலிருந்து தட்டை இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். இன்னொரு மடக்கும் குடித்தாள். பிறகு உதட்டில் ஒட்டிய சாமையைத் துடைக்காமல் சொன்னாள்:

"எனக்குக் கரிக்கல."